கேட்டு வாங்கியவள்

ஐயம்பேட்டைப் பக்கமிருந்து வரும் பஸ் எங்கள் தெருமுனையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். ஆனால் நிற்காது. நிறுத்தம் அரை மைல் தள்ளி. நாங்கள் எல்லாரும் அங்கே போய் இறங்கி, மூட்டை முடிச்சோடு அதே வழியில் திரும்ப நடந்து வருவோம். இதை யாரும் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

அவள் கல்யாணமாகி எதிர்வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இருக்கும். தாய்வீடு தென்னேரி. அங்கே போய்விட்டுத் திரும்பும்போது கண்டக்டரிடம் கேட்டாள்.

"அண்ணா, அந்தத் தெருமுனையில ஒரு நிமிஷம் நிறுத்துவீங்களா? பூசணிக்காய் வெச்சிக்கினு இருக்கேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நின்றது. அவள் பூசணிக்காயோடு இறங்கிப் போனாள். நானும் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன். மடியில் அரிசி மூட்டை. எழுந்து இறங்கியிருக்கலாம். அவளுக்காக நின்ற பஸ் எனக்கும் நின்றதுதான் என்று தோன்றவே இல்லை. நிறுத்தம் வரைக்கும் போய், இறங்கி, வெயிலில் நடந்து வந்தேன்.

"நீயும் எறங்கியிருக்கலாமே அக்கா?" என்றாள் மறுநாள்.

"உனக்கு நிறுத்தினான். நான் எப்படி எறங்கறது?"

"கேட்டா வாயா கோணிக்கும்?"

இந்த "கேட்டா வாயா கோணிக்கும்" என்பதை அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லுவாள். ஒல்லி உடம்பு, மாநிறம், மேல் பல்வரிசை கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். எதையும் கேட்டு முடித்ததும் அந்தப் பல் தெரியச் சிரிப்பாள். குமரகோட்டத்தில் குருக்களிடம், "சாமிக்குப் போட்ட மாலையில எனக்கு ஒண்ணு குடுப்பீங்களா?" என்று கேட்டு முழு மாலையையே கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் கோயிலுக்கு நான் போகாத கிருத்திகை இல்லை. எனக்கு ஒரு சிட்டிகை விபூதிதான் கிடைக்கும், அதுவும் கூட்டம் குறைவாக இருந்தால்.

வந்த முதல் நாளே எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். "எங்க கிணறு உப்புக்கா. உங்க கிணத்துல எடுத்துக்கட்டுமா?" என்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் கொல்லைக்குக் குடத்தோடு வருவாள்.

பொறாமை என்பதை மறைத்து மறைத்து எழுதுவதில் பயனில்லை. அவள்மேல் எனக்கு வயிற்றெரிச்சல். இருவருக்கும் புருஷன்மார் பட்டு நெய்கிறவர்கள்தான். இருவரும் நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றுகிறவர்கள்தான். கரையைத் தனி நிறத்தில் கோக்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் உட்கார வேண்டும். ஒருவர் உடலை நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள. நானும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளினேன், அவளும் தள்ளினாள். எங்கள் தறியில் நாடா சத்தம் மட்டும்தான் கேட்கும். அவர்கள் தறியில் பேச்சு ஓயாது. "இன்னாபா, இந்த அரக்குக்குப் பச்சை எடுக்குமா? இன்னாபா, மதியத்துக்கு வத்தக்குழம்பு வெச்சா துன்னுவியா?" என்று. புருஷனை நீ, வா, போ என்று பேசினாள். அவன் அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே நெய்தான். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கேட்டால் அவரும் பதில் சொல்லியிருப்பார்.

ஆனால் இதெல்லாம் சில்லறை வயிற்றெரிச்சல். உள்ளே கிடந்து எரிந்தது வேறு.

அவள் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் என் தலைச்சன் பிள்ளை போய்விட்டது. வீட்டில்தான் பிரசவம். இரண்டு நாள் வலி. பிறந்ததும் நான் நினைவு தப்பிவிட்டேன். அப்புறம் ஜுரம். கண் திறந்து "குழந்தை?" என்றபோது மாமியார் என் வாயில் கஞ்சியை ஊற்றினார். "ஆம்பளப் புள்ளதான். தங்கல. இன்னும் பத்துப் பெத்துக்கலாம், அழாத" என்றார். எங்கே புதைத்தார்கள் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் தலைச்சன் பிள்ளை இறந்தால் அப்படித்தான். தலைச்சன் மண்டையோட்டில் மந்திர மை செய்கிறவன் வந்து தோண்டிக்கொண்டு போய்விடுவான் என்று பயம். பெற்றவளிடம் சொன்னால் அவள் அந்த இடத்துக்குப் போய் அழுவாள், நாலு பேர் பார்ப்பார்கள், விஷயம் தெரிந்துவிடும். அதனால் பெற்றவளிடம்தான் முதலில் மறைப்பார்கள். மாமனார் மாமியார் இருவருக்குத்தான் இடம் தெரியும். என் வீட்டுக்காரருக்கே தெரியாது. மாமியார் அப்புறம் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். வளர்ந்தார்கள். முகம் பார்க்காத அந்த ஒருவன் மட்டும் எங்கேயோ கிடந்தான்.

நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் என் வாயைக் கட்டவுமில்லை.

அவளுக்கு எழுபத்திரண்டிலோ எழுபத்திமூன்றிலோ வயிறு கண்டது. ஏழாம் மாதமே ஒன்பது மாத வயிறுபோல ஆகிவிட்டது. மூச்சு வாங்கியது. ஊரிலிருந்த லேடி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, தலை கைக்குச் சரியாகப் படவில்லை என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாள் கழித்து வந்தார்கள். தெருமுனையில் பஸ் நின்றது.

என்ன நடந்தது என்று அவளே எனக்குச் சொன்னாள். குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் சில மணி நேரம்தான் இருக்கும் என்று அங்கிருந்த டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஊசி போட்டு வலி வரவழைத்து இப்போதே எடுத்துவிடலாம், உடம்புக்கும் சுளுவு என்றிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். இவளும் அழுதாள். அழுதுகொண்டே கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

"உள்ள இருக்கறப்போ அதுக்கு வலிக்குதாம்மா?"

"அப்படி ஒன்றும் இல்லை."

"நான் பேசறது கேக்குமா?"

"காது இருக்கிறது" என்றாராம் டாக்டரம்மா.

"என் உசுருக்கு ஆபத்தா?"

"பெரிய ஆபத்து இல்லை. நீர் அதிகம். ரொம்பக் கஷ்டப்படுவாய்."

அப்போது புருஷன் பக்கம் திரும்பி, "நீ இன்னாபா சொல்ற?" என்று கேட்டிருக்கிறாள். அவன், "நீதான சொமக்கற, நீ சொல்லு" என்றிருக்கிறான். இவள் டாக்டரம்மாவிடம், "அதுக்கு இருக்கறதே அவ்ளோ நாளுதான்னா, அதையும் நான் ஏம்மா புடுங்கிக்கணும்? இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். கிளம்பும்போது, "இந்தப் படத்தை நான் வெச்சிக்கட்டுமா?" என்று கேட்டு எக்ஸ்ரேயையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்கள் கொல்லையில் நின்று அதைச் சூரியனுக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினாள். "இங்க பாரு, முதுகெலும்பு, மல்லிமொட்டு கோத்தாப்புல. இது கை. இது தொடை. இங்கதான்..." என்று ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். நெற்றி இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே வெறுமையாக இருந்தது. பிறகு படத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உன் தலைச்சன் எப்படி இருந்தான்?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் பெற்றவனை நான் பார்க்கவில்லை. இவள் பெறுவதற்கு முன்னாலேயே எலும்பு எலும்பாகப் பார்த்துவிட்டாள். "பொழுது போவுது, தண்ணிய எடுத்துக்கினு கெளம்பு" என்றேன். உள்ளே வந்து தார் சுற்ற உட்கார்ந்தால் நூல் அறுந்து அறுந்து போயிற்று.

அப்புறம் வளைகாப்புக்கு வளையல் அடுக்கிக்கொண்டாள். தெருவில் எல்லாரும், நிலைக்காத பிள்ளைக்கு என்ன சடங்கு என்று சும்மா இருந்தார்கள். இவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "எனக்கு வளையல் அடுக்க வரீங்களா? காது கேக்குமாம். வளையல் சத்தம் கேக்கட்டுமே" என்று கேட்டாள். அப்படிக் கேட்டால் எந்தப் பெண்பிள்ளை வரமாட்டேன் என்பாள்? தெருவே போயிற்று. புளிசாதம், தயிர்சாதம் என்று ஐந்து வகைச் சாதம். நான் போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும்தான் வளையல் அடுக்கினார்கள். பிள்ளை போன பிறகு அவற்றை யார் கழற்றினார்கள், எங்கே போட்டார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

பந்தி முடிந்து வந்த ஒருத்தி என்னைப் பார்த்து, "இன்னாமா, நீ வரலியா?" என்றாள்.

"தலையில்லாத தலைச்சனுக்கு வளையல் ஒரு கேடா?" என்றேன்.

வாயை விட்டு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அது போய்விட்டது. எங்கள் தெருவில் காலையில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டும்போது இந்த முனையில் ஒன்றைச் சொன்னால், பாவு போய்ச் சேருவதற்கு முன்னால் சொன்னது அந்த முனைக்குப் போய்விடும். மறுநாள் காலையில் அவள் குடத்தோடு வந்தாள்.

"அக்கா, நீயா சொன்ன?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். நேருக்கு நேர் கேட்டால் எனக்குப் பொய் வராது. "ஆமா" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. கிணற்றுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "தலை இல்லாட்டியும் தலைச்சன் தலைச்சன்தானேக்கா?" என்று கேட்டாள். அதையும் கேள்வியாகத்தான் கேட்டாள். தலையை ஆட்டினேன். "அது போதும்" என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதையும் நான் கேட்கவில்லை.

தெருவில் மூத்தவர்கள், தலைச்சன் ஆயிற்றே, கமுக்கமாகப் புதைக்க வேண்டும் என்று அவளுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். "எதுக்குத் தோண்டறாங்க?" என்று கேட்டாள். "மண்டையோட்டுக்கு" என்றார்கள். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீர் கொட்டியது. "எம்புள்ளைக்கு அதுதான் இல்லியே. புள்ளைய எவனும் தொட மாட்டான். வெளிச்சத்துல பொதைக்கலாம்" என்றாள். அதைக் கேட்டு, இப்படியும் ஒரு அதிர்ஷ்டம் உண்டா என்று எனக்குத் தோன்றியது. மண்டையோடு இல்லாத பிள்ளையைப் பார்த்து அதிர்ஷ்டம் என்று நினைத்த புத்தி என் புத்தி. எழுதவே கூசுகிறது.

பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், லேடி டாக்டர் ஆஸ்பத்திரியில். "தொடைச்சி என் கையில குடுங்க" என்று நர்சிடம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். புருஷன், சேலை அறுத்த பிறகு தறியில் மிஞ்சின பாவில் ஒரு முழம் பட்டு நெய்து வைத்திருந்தான். என்ன நிறம் என்று அவளைக் கேட்டு, கிளிப்பச்சையில். அதைக் குல்லாய் மாதிரி தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். புருவத்துக்குக் கீழே எல்லாம் இருந்ததாம். மூக்கு அவனுக்கு, மோவாய் அவளுக்கு. குமரன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வளையலை ஆட்டிக் காட்டினாள். மதியம் தாண்டி மூன்று மணிக்கு அவள் மார்மேலேயே மூச்சு நின்றது. வேகவதிக் கரையில் புதைத்தார்கள். பதினாறு கழிந்ததும், "எனக்கு எடத்தைக் காட்டறியாபா?" என்று புருஷனைக் கேட்டு, பகலில், எல்லார் கண்ணெதிரிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தெரு முழுக்க அழுதது. நானும் அழுதேன். என் அழுகையில் பாதி அவளுக்கில்லை. அரை நாள் இருந்த பிள்ளைக்குப் பெயர், துணி, முகம், இடம் எல்லாம் இருந்தது. என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவள் கேட்டாள், கிடைத்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நான் அழாத பிள்ளை.

பின்னால் அவளுக்கு ஒரு பெண் பிறந்து, அவர்கள் ஆரணிப் பக்கம் குடிபோனார்கள். அதெல்லாம் வேறு கதை. நான் சொல்ல வந்தது குமரன் போய் இரண்டு மாதம் ஆன ஒரு நாளைப் பற்றி.

தண்ணீர் எடுக்க வந்தவள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, உன் புள்ளைய எங்க வெச்சாங்க?"

"தெரியாது."

"தெரியாதா? நீ கேக்கலியா?"

"இல்ல."

"அண்ணனைக் கேட்டியா?"

"அவருக்கே தெரியாது. மாமாவுக்குத்தான் தெரியும்."

"அட, மாமா உள்ளதான இருக்காரு? நான் வேணா கேக்கட்டா?"

குடத்தை வைத்துவிட்டு உள்ளே போகக் கிளம்பியே விட்டாள். பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். "நீ ஒண்ணும் கேக்க வேணாம், போ" என்று கத்தினேன். பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்கு நன்றாகத் தெரியும், இவள் கேட்டால் அவர் சொல்லிவிடுவார். பஸ் நின்ற மாதிரி, குருக்கள் மாலையைக் கொடுத்த மாதிரி, சொல்லிவிடுவார். என் பிள்ளை இருக்கும் இடம் எனக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அந்தப் பொறாமைதான் என் வாயைத் திறந்தது. மதியம் மாமனாருக்குச் சோறு போட்டேன். ரசம் ஊற்றினேன்.

"மாமா."

"இன்னாமா?"

"என் தலைச்சனை எங்க வெச்சீங்க?"

அவர் கை சோற்றிலேயே நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன். "கேட்டுட்டியா" என்றார், ரொம்ப மெதுவாக.

"மொத வருஷம் பூரா நீ கேப்ப, கேப்பன்னு பாத்துக்கினு இருந்தேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு உன் மாமியா என்னைக் கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ண வெச்சா. ஆனா நீ கேட்டா சொல்லிடணும்னுதான் நெனச்சிருந்தேன். நீ கேக்கவே இல்ல. சரி, பொண்ணு மறந்துட்டா, நாம கெளறக் கூடாதுன்னு வுட்டுட்டேன்."

"மறக்கல மாமா."

"தெரியுதும்மா."

இடது கையால் கொல்லைப் பக்கம் காட்டினார். "வெளிய எடுத்துக்கினு போனா கண்ணுல படும்னு இங்கயே வெச்சேன். ஆழமாத்தான் வெச்சேன். மேல கல்லைக் கொண்டாந்து போட்டேன். நாலு ஆளு தூக்கின கல்லு. எவனும் பொரட்ட முடியாது."

துவைக்கிற கல்.

நான் தீட்டு கழிந்து எழுந்து கொல்லைக்கு வந்தபோது அது புதிதாகக் கிடந்தது. "உனக்காகத்தான் போடச் சொன்னேன், குனியாம தொவைக்கலாம்" என்று மாமியார் சொன்னார். சந்தோஷப்பட்டேன். அத்தனை வருஷமாக அதில்தான் துவைத்தேன். யார்மேல் கோபம் வந்தாலும் அங்கேதான் தீர்த்துக்கொள்வேன். இவள் வளையல் அடுக்கிய அன்றைக்கு ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டு போய், கை கன்றிப்போகும் வரைக்கும் அதன்மேல் அடி அடியென்று அடித்தேன்.

"எப்படி இருந்தான் மாமா?"

"தலை நெறைய முடி. உன் நெறம். காது மட்டும் என்னுது மாதிரி" என்றார். அப்புறம் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். சோறு அப்படியே இருந்தது.

அன்றைக்கு நான் துவைக்கவில்லை. ஊற வைத்த துணி வாளியிலேயே கிடந்தது. ஒரு குடம் தண்ணீர் சேந்திக் கல்லின்மேல் மெதுவாக ஊற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கல்லின்மேல் உட்கார்ந்தாள். தினமும் உட்காருகிறவள்தான்.

"அக்கா, கோவிச்சிக்காத. மாமாவைக் கேட்டியா?"

"அதுமேல உக்காராத."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வாளியில் துவைக்காமல் கிடந்த துணியைப் பார்த்தாள். கீழே கல்லைப் பார்த்தாள். மெல்ல எழுந்தாள். உட்கார்ந்திருந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள், இரண்டு தடவை.

இனிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். எங்கே, எப்படி, அவர் என்ன சொன்னார், முகம் எப்படி இருந்ததாம் என்று வரிசையாகக் கேட்பாள். ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் பிள்ளை வேகவதிக் கரையில் இருந்தான். என் பிள்ளை என் வீட்டிலேயே இருந்தான். அவளுக்குப் பங்கு கொடுக்காத ஒன்று முதல் தடவையாக என் கையில் இருந்தது.

அவள் கேட்கவே இல்லை. கிணற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினாள். என் குடத்தை எடுத்து முதலில் நிரப்பி வைத்தாள். பிறகு தன் குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லைச் சுற்றிக்கொண்டு போனாள்.